இலையுதிர்காலக் கடைசியில் சஸ்குவெஹானாவில் ஸ்மால்மவுத் பாஸ்: புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்களுக்கு

அக்டோபர் கடைசியில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் பக்கம் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் நின்றால், ஆறு முழுக்க மீன் இருப்பது போலத்தான் தெரியும். கரைக்குக் கரை ஏறக்குறைய ஒரு மைல் அகலம். பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். எங்கு பார்த்தாலும் பாறை. ஜூலையில் அந்தப் பாறைகளின் பின்னால் ஸ்மால்மவுத் பாஸ் என்ற ஆற்று மீன் நின்று இரைக்குக் காத்திருக்கும். நவம்பர் நடுவில் அதே பாறைகளைச் சுற்றி நாள் முழுக்க வீசினாலும் ஒரு கொத்து விழாது. புதியவர்கள் இரையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு இரையில் இல்லை. மீன் அங்கே இல்லை.

ஸ்மால்மவுத்தின் உடல் சூடு என்பது தண்ணீரின் சூடுதான். தண்ணீர் குளிரக் குளிர அதன் தசை வேகம் குறையும். ஓட்டத்தை எதிர்த்து நிற்பது அதற்குக் கட்டுப்படியாகாது. அதனால் பல மைல் தூரத்தில் சிதறிக் கிடந்த மீன்கள் ஓட்டம் குறைந்த, ஆழமான சில இடங்களுக்கு வந்து சேரும். நம் ஊரில் மடு என்று சொல்வோமே, அதுதான். ஆற்றில் தொண்ணூறு பங்கு வெறுமையாகிவிடும். மீதிப் பத்துப் பங்கில் மீன் குவிந்திருக்கும். அந்த மடுவைக் கண்டுபிடிப்பது, அங்கே பொறுமையாக மீன் பிடிப்பது, குளிர்ந்த தண்ணீரில் விழாமல் வீடு திரும்புவது. இந்தக் கட்டுரை இந்த மூன்றைப் பற்றியது.

முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள்

கயிறு கட்டிய சாதாரணத் தண்ணீர் வெப்பமானி போதும். கரையோரச் சேற்றுத் தண்ணீரில் வைக்காமல், ஓட்டம் உள்ள இடத்தில், நிழலில், முழங்கால் ஆழத்தில் இரண்டு நிமிடம் வையுங்கள். தேதியை விட இந்த எண்தான் முக்கியம். ஒரே நவம்பர் 10ஆம் தேதி ஒரு வருடம் 12 டிகிரி இருக்கும், இன்னொரு வருடம் 7 டிகிரி இருக்கும். இரண்டும் வேறு வேறு ஆறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

15 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை (60 முதல் 50 ஃபாரன்ஹீட்) மீன் நன்றாகத் தின்னும், இடம் மாறிக்கொண்டே இருக்கும். மடுவுக்குப் போகும் வழியில், பாறைப் படிகளுக்குக் கீழே, மடுவின் வால்பகுதியில் நிற்கும். ஓடும் இரைகளைத் துரத்தி அடிக்கும்.

10 முதல் 7 டிகிரி (50 முதல் 45) வரைதான் இந்தப் பருவத்தின் உச்சம். மீன் மடுவின் விளிம்புக்கு வந்துவிட்டது; ஆனால் இன்னும் பசி அடங்கவில்லை. பெரிய மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் விடுமுறை எடுக்க வேண்டிய நாட்கள் இவை.

7 டிகிரிக்குக் கீழே மடுவுக்குள்ளேயே இருக்கும். இரை மூக்குக்கு முன்னால் வந்தால்தான் வாயைத் திறக்கும். 4 டிகிரிக்குக் கீழே போனால் ஒரு நாளுக்கு இரண்டு மூன்று கொத்து கிடைத்தாலே நல்ல நாள்.

எண்ணை விட அது போகும் திசை இன்னும் முக்கியம். இரண்டு மூன்று நாள் வெயில் அடித்துத் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினால், 6 டிகிரியிலும் மீன் சுறுசுறுப்பாக இருக்கும். ஒரே இரவில் மூன்று டிகிரி விழுந்தால், 10 டிகிரியிலும் வாய் மூடிக்கொள்ளும். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓட வேண்டாம். பகல் 11 மணி முதல் 3 மணி வரைதான் நேரம்.

மடுவை எப்படி அடையாளம் காண்பது

ஆழம் என்பது ஒப்பீடுதான். சுற்றிலும் ஒரு மீட்டர் ஆழமுள்ள ஆற்றில் இரண்டரை மீட்டர் ஆழமே மடு. சஸ்குவெஹானாவின் நடுப்பகுதியில் 2 முதல் 4 மீட்டர் ஆழம் போதும். அதோடு மூன்று விஷயம் சேர வேண்டும்.

ஒன்று, ஓட்டம். காய்ந்த இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நகர மூன்று நான்கு விநாடி எடுத்தால் சரியான வேகம். ஒரே விநாடியில் கடந்தால் அங்கே மீன் தங்காது. இரண்டு, அடித்தளம். பாறையும் உருளைக்கல்லும் வேண்டும். மொழுக்கென்ற சேற்றுத் தரை வேண்டாம். மூன்றாவதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை: வெள்ளம் வந்தாலும் அந்த இடம் அமைதியாக இருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஏறும்போது பெருவெள்ளம் நேராகப் பாயும் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மீன் அதைக் குளிர்கால வீடாகத் தேர்ந்தெடுக்காது. துருத்தி எனப்படும் ஆற்றிடைத் திட்டின் கீழ்முனை, கரையிலிருந்து நீண்ட பாறைத் திட்டின் மறைவு, வளைவின் வெளிப்பக்கப் பள்ளம், ஓடை வந்து கலக்கும் வாய், பாலத்தூணின் கீழே தண்ணீர் குடைந்த குழி ஆகியவற்றைத் தேடுங்கள். ஹாரிஸ்பர்க்குக்குச் சற்று வடக்கே, 1902-இல் கட்டி முடித்த ராக்வில் கல் பாலத்துக்கு 48 வளைவுகள். அத்தனை தூண்கள் ஓட்டத்தை உடைக்கும் இடத்தில் எப்படியெல்லாம் தண்ணீர் திரும்புகிறது என்று கரையில் நின்று அரை மணி நேரம் பார்த்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

இந்தத் தேடலை நவம்பரில் தொடங்காதீர்கள். ஆகஸ்டில் ஆறு வற்றித் தெளிந்திருக்கும்போது, கூச்சம் தடுக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். கரும்பச்சையாகத் தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படங்களிலும் இந்த ஆற்றின் பாறைப் படிகள் வரிவரியாகத் தெரியும். அவற்றுக்கிடையில் கறுத்த திட்டுகள்தான் பள்ளம்.

அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனம் ஆற்றின் நீர்மட்டத்தை இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. ஹாரிஸ்பர்க் அளவுகோல் 3 முதல் 4 அடி காட்டினால் ஆறு தாழ்ந்து தெளிந்திருக்கிறது என்று பொருள். மழைக்குப் பிறகு ஏறிக்கொண்டிருக்கும் கலங்கல் தண்ணீரை விட, ஏறி முடித்து இறங்கத் தொடங்கி, பழுப்பு நிறம் பச்சையாக மாறும் நாள் மிக நல்லது. ஒரு மீட்டர் ஆழத்தில் வெள்ளை இரை மங்கலாகத் தெரிந்தால் கிளம்புங்கள். 6 அடிக்கு மேல் இருந்தால் புதியவர்கள் வீட்டில் இருப்பதே நல்லது.

என்னென்ன வேண்டும்

ஏழடி நீள ஸ்பின்னிங் ராடு, மீடியம் லைட் அல்லது மீடியம் வலிமை, நுனி சட்டென வளையும் வகை. 2500 அளவு ரீல். அதில் 8 அல்லது 10 பவுண்டு பின்னல் நரம்பு, பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில். கொத்தைக் கண்ணால் பார்க்க இந்த நிறம் உதவும். முனையில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் அதிகம் கண்ணுக்குத் தெரியாத நரம்பு). இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு. முள்ளைக் கட்ட பாலோமர் முடிச்சு. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த ஃபுளோரோகார்பன் உராய்ந்து சூடாகி அங்கேயே பலம் போய்விடும்.

இரைகளில் மூன்றே வகை போதும்: டியூப், நிலைத்து நிற்கும் ஜெர்க்பெய்ட், ரோம ஜிக். கலங்கல் தண்ணீருக்கு 3/8 அவுன்ஸ் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு பொருத்திய இரை) ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பெட்டி நிறைய வாங்கி வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருப்பவர்களை விட, இந்த மூன்றை முழுதாகப் பழகியவர்களே மீன் பிடிக்கிறார்கள்.

டியூப்: இதில்தான் தொடங்க வேண்டும்

டியூப் என்பது உள்ளே வெற்றான, வால் பக்கம் நூல்நூலாகக் கிழிந்த மென்பிளாஸ்டிக் குழல். மூன்றரை அங்குல நீளம், பச்சை கலந்த பழுப்பு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும் ஈயத்தலை ஜிக் 1/8, 3/16, 1/4 அவுன்ஸ் (3.5, 5, 7 கிராம்) என மூன்று எடையிலும் ஐந்தைந்து வேண்டும். முள் அளவு 2/0 அல்லது 3/0.

ஈயத்தலையைத் தண்ணீரில் நனைத்து, வால் பக்க வாயிலிருந்து உள்ளே தள்ளுங்கள். முள்ளின் முனை பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் இருக்க, குழலை விரலால் லேசாகப் பிதுக்கி இடம் கொடுங்கள். தலை மூக்குவரை போய் முட்டியதும், மேலிருந்து அழுத்தினால் ஜிக்கின் கண் தோலைத் துளைத்து வெளியே வரும். கடைசியில் முள் முனையை முதுகுப் பக்கம் வெளியே எடுங்கள். கண்ணும் முள்ளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் இரை இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

மடுவுக்கு மேல்பக்கம், ஓட்டத்துக்குக் குறுக்கே, சற்று ஓட்டம் வரும் திசையை நோக்கி வீசுங்கள். இரை விழுந்ததும் நரம்பை இறுக்கிப் பிடிக்காமல், தொய்ந்தும் விடாமல், ராடு நுனியைக் கூடவே இறக்குங்கள். தரையைத் தொட்டதும் நரம்பு சட்டெனத் தளரும். அங்கிருந்து நீங்கள் இழுக்க வேண்டாம். ஓட்டமே அதைக் கொண்டுபோகட்டும். ராடைப் பத்து மணி நிலையில் பிடித்து, தொய்வை மட்டும் சுற்றிக்கொண்டே வாருங்கள். இரை இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை கல்லில் "டொக்" என்று தட்ட வேண்டும். விடாமல் உரசிக்கொண்டே வந்தால் எடை அதிகம், அடுத்த வீச்சில் மாட்டிக்கொள்ளும். தட்டவே இல்லையென்றால் எடை குறைவு. புதியவர்கள் எப்போதும் எடை கூடுதலாகவே போடுகிறார்கள். அடி தெரிய வேண்டுமே என்ற பயம்தான். ஆனால் லேசான இரைதான் இயற்கையாக மிதந்து வரும், குளிர்ந்த மீனும் அதைத்தான் எடுக்கும்.

மாட்டிக்கொள்ளாமல் இந்த ஆற்றில் மீன் பிடிக்க முடியாது. மாட்டியவுடன் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். முள் இன்னும் ஆழமாக இறங்கும். ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் இடையில் நரம்பைப் பிடித்து, வில்லை நாணேற்றுவது போல இழுத்து, சட்டென விடுங்கள். அந்த அதிர்வில் ஈயம் பின்னால் துள்ளி, பாதிக்கு மேற்பட்ட முறை கழன்றுவிடும்.

ஜெர்க்பெய்ட்: நிறுத்துவதுதான் வித்தை

இது சிறு மீன் வடிவச் செயற்கை இரை; ஏறக்குறைய நான்கு அங்குல நீளத்தில், தண்ணீரில் மிதக்கவும் செய்யாமல் மூழ்கவும் செய்யாமல் நிற்கும் வகை. இழு, இழு, நிறுத்து. இழுப்பதை விட நிறுத்துவதில்தான் மீன் கடிக்கும். 12 டிகிரித் தண்ணீரில் மூன்று விநாடி நிறுத்தினால் போதும். 8 டிகிரியில் எட்டு முதல் பத்து விநாடி. 5 டிகிரியில் இருபது வரை எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், மனதுக்குள் எண்ணினால் குளிரில் எல்லோரும் வேகமாக எண்ணிவிடுகிறோம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது. கோடையில் அப்படியே நின்ற இரை, நவம்பரில் நிறுத்தியதும் மெல்ல மேலேறும். மேலேறும் இரையை மந்தமான மீன் துரத்தாது. அதனால் வீசுவதற்கு முன் காலடியில் தெளிந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மேலே வந்தால், வயிற்றில் முன் மும்முள்ளுக்கு அருகே ஒட்டும் ஈயப் பட்டையைச் சிறு துண்டு துண்டாக ஒட்டுங்கள். தலை லேசாகத் தாழ்ந்து, அசையாமல் நிற்கும்வரை. மிக மெதுவாக மூழ்கினாலும் பரவாயில்லை, மேலே மட்டும் வரக் கூடாது.

ரோம ஜிக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1/8 அவுன்ஸ் தலையில் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் மராபு என்ற மென்மையான இறகு கட்டியது. 6 டிகிரிக்குக் கீழே இதுதான் கடைசி ஆயுதம். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் அந்த இறகு மூச்சு விடுவது போல அசையும். 1/16 அவுன்ஸ் ஜிக்கை மிதவைக்குக் கீழே இரண்டு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு மடுவில் மெல்ல மிதக்கவிடும் முறையும் நல்ல பலன் தரும்.

இலைத் தொல்லை

இந்தப் பருவத்தில் பொறுமையைச் சோதிப்பது குளிரை விட இலைதான். காற்று அடித்த மறுநாள் ஆறு முழுக்க இலை மிதந்து வரும். வீசும் ஒவ்வொரு முறையும் மும்முள்ளில் ஒன்று சிக்கும். இலை சிக்கிய இரையை எந்த மீனும் தொடாது.

புதிதாக உதிர்ந்த இலை மேற்பரப்பில் மிதக்கும். அப்போது தரையோரம் போகும் ஒற்றை முள் டியூப்தான் சரி. வீசியதும் ராடு நுனியைத் தண்ணீருக்குள் ஒரு சாண் இறக்கி வையுங்கள், நரம்பில் இலை ஏறாது. சில நாள் ஊறிய இலை தண்ணீரின் நடுவில் தொங்கிக்கொண்டு வரும். இதுதான் மிக மோசமான கட்டம், ஓட்டத்தின் மையத்தை விட்டுவிட்டு, பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய சுழிகளுக்குப் போங்கள். கடைசியில் இலை மூழ்கி மடுவின் தரையில் மெத்தை போலப் படியும். அப்போது டியூப் பயன்படாது, ஒவ்வொரு இழுப்பிலும் இலைதான் வரும். ஜெர்க்பெய்ட்டுக்கோ மிதவைக்கோ மாறி, தரைக்கு ஓரடி மேலே மீன் பிடியுங்கள். நவம்பர் கடைசியில், மரங்கள் மொட்டையான பிறகு, ஒரு சிறு வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். அதன் பிறகு வரும் தெளிந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

கொத்து எப்படி இருக்கும்

ஊரில் விரால் பிடித்துப் பழகியவர்கள் தண்ணீர் தெறிக்கும் அடியை எதிர்பார்ப்பார்கள். இங்கே அது வராது. மிதந்து போன நரம்பு ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகரும். அல்லது "டொக்" என்று தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாது. அல்லது ஈரத்துணி மாட்டிய மாதிரி ஒரு கனம். சந்தேகம் வந்தால் அது மீன்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெடுக்கென்று தூக்காமல், தொய்வைச் சுற்றிக்கொண்டே ராடைப் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். பின்னல் நரம்பு நீளாது. வெடுக்கென்று இழுத்தால் மீனின் வாயிலிருந்து முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

காற்று பூச்சியத்துக்குக் கீழே போனால் ராடு வளையங்களில் பனி கட்டும். நரம்பு தொட்டுத் தொட்டு அறுபடும். வளையத்தை விரலால் ஒடிக்காதீர்கள், உள்ளிருக்கும் பீங்கான் வளையம் உடையும். நுனியைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். ஆற்றுத் தண்ணீர் பனியை விடச் சூடுதான்.

தண்ணீரில் விழாமல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 10 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாகவே திணறும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே இழுப்பது தண்ணீரைத்தான். அடுத்த பத்து நிமிடத்துக்குள் கையும் காலும் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் இறக்கிறார்கள்.

பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, 16 அடிக்குக் குறைவான படகிலும், எந்தக் கனூ, கயாக்கிலும் லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். கரையிலிருந்து இறங்குபவர்களுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள். வேடர்ஸ் (தண்ணீரில் இறங்க அணியும் நீர்புகாக் காலுடை) அணிந்தால் இடுப்புப் பட்டையை இறுகக் கட்டுங்கள். விழுந்தாலும் உள்ளே தண்ணீர் வேகமாக நிறையாது. முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். ஊன்றுகோல் கட்டாயம். இரண்டாவது ஜோடி உடுப்பு, தொப்பி, தீப்பெட்டி ஆகியவற்றை நீர்புகாப் பையில் கட்டிக் கூடவே வைத்திருங்கள், காரில் அல்ல. தனியாகப் போகாதீர்கள்.

ஹாரிஸ்பர்க்கின் டாக் ஸ்ட்ரீட் அணை உயரம் குறைந்தது. மேலிருந்து பார்த்தால் ஆறு வழவழவென்று இருப்பதாகத்தான் தெரியும். அதன் கீழே தண்ணீர் திரும்பித் திரும்பிச் சுழலும், விழுந்தவரை வெளியே விடாது. பலரைப் பலி கொண்ட இடம். மேலேயும் கீழேயும் எச்சரிக்கை மிதவைகளைத் தாண்டிப் போகவே கூடாது.

பிடித்த மீனை என்ன செய்வது

விட்டுவிடுங்கள். 2005 முதல் இந்த ஆற்றில் ஸ்மால்மவுத் குஞ்சுகள் நோயால் பெருமளவில் செத்தன. அதைத் தொடர்ந்து பென்சில்வேனியா மீன், படகு ஆணையம் 2011-இல் ஆற்றின் நடுப்பகுதியில் பாஸ் மீனைப் பிடித்தவுடன் விட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. நீங்கள் போகும் பகுதிக்கு நடப்பாண்டு விதி என்ன என்பதை ஆணையத்தின் கையேட்டில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். 16 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் வேண்டும்.

விதி இல்லாத இடத்திலும் இந்தப் பருவத்தில் விட்டுவிடுவதுதான் நியாயம். குளிர் ஆற்றில் இந்த மீன் மெதுவாக வளரும். 45 சென்டிமீட்டர் மீன் ஒன்று நிற்கிறதென்றால் அது பல குளிர்காலங்களைத் தாண்டி வந்தது. பல மைல் ஆற்றின் மீன் ஒரே மடுவில் கூடியிருக்கும் நேரம் இது. ஒரு மடுவைக் காலி செய்தால் அத்தனை மைலும் காலி. அதே காரணத்தால் ஒரு மடுவில் நான்கைந்து மீன் பிடித்ததும் அடுத்த இடத்துக்கு நகருங்கள். மடுவின் இடம் தெரியும்படி படம் போடாதீர்கள்.

முள் முனைக்கு அருகே பின்னோக்கி நீளும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கி வையுங்கள். ரப்பர் வலையில் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். உறைபனிக் காற்றில் தூக்கிப் பிடித்தால் செவுளும் கண்ணும் சில விநாடிகளில் பாதிக்கப்படும். படம் வேண்டுமானால் கைகளை நனைத்து, கேமரா தயாரான பிறகு தூக்கி, உடனே இறக்குங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். ஓட்டத்தைப் பார்த்தபடி பிடித்திருந்தால் தானே போகும்.

படகில் வந்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மாலையில் டிரெய்லரை மேலே இழுக்கும்போது வடியும் தண்ணீர் சாய்தளத்தில் உடனே உறையும். அடுத்து வரும் வண்டி வழுக்கி ஆற்றுக்குள் இறங்கிவிடும். சாய்தளத்தின் அடியிலேயே படகின் வடிகால் அடைப்பைத் திறந்து, தண்ணீர் முழுக்க வடியும்வரை நின்று, பிறகு மேலே ஏறுங்கள். வண்டியில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். கிளம்பும் முன் சக்கரம் ஏறிய தடத்தில் தூவிவிடுங்கள்.